அலமாரி தூங்கிய இடம்

என் அண்ணி புதிதாக எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் குந்தி உட்கார்ந்து ஒரு முறை சுற்றிப் பார்ப்பாள். வங்கி, ஆஸ்பத்திரி வார்டு, வாடகைக்குப் பார்க்கப் போன வீடு, எதுவாக இருந்தாலும் சரி. செருப்பு வாரைச் சரிசெய்வது போல ஒரு பாவனை. கை வாரின் மேல் இருக்கும். கண் மட்டும் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை உள்ளதையெல்லாம் மேய்ந்துகொண்டிருக்கும். பிறகு எழுந்து, "அந்த மேஜை முனை கூர்மையா இருக்கு" என்றோ, "இங்கிருந்து பாத்தா கவுன்ட்டர்ல இருக்கறவர் முகமே தெரியல" என்றோ என் காதோடு சொல்வாள். என் அண்ணன் இதற்குப் பழகிவிட்டான். வாசலிலேயே நின்று, "என்ன, தரை சம்மதம் சொல்லிடுச்சா? நாங்க உள்ள வரலாமா?" என்று கேட்பான்.

அண்ணி ஒரு மழலையர் பள்ளியில் டீச்சர். பெற்றோர் காலையில் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டு, வேலை முடிந்து வந்து அழைத்துப் போகிற முழுநாள் பள்ளி. மூன்று வயதுக் குழந்தைகளின் அறை அவளுடையது. அதே பள்ளியில் நான் உதவியாள். சாப்பாடு கொடுப்பது, மெத்தை விரிப்பது, நனைந்த கால்சட்டையை மாற்றுவது, மூக்கைத் துடைப்பது என் வேலை. படிப்பைப் பாதியில் விட்டவள் நான். நாலு பேர் முன்னால் பேசு என்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பார்க்கச் சொன்னால் நாள் முழுக்கப் பார்ப்பேன். அந்த அறையில் பார்ப்பதற்கு எப்போதும் ஏதாவது இருந்தது.

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் அண்ணி ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். அம்மாக்கள் துணி பார்க்கிற நேரத்தில் அவர்கள் கூட்டி வந்த குழந்தைகளுக்கு வெட்டுத் துண்டுகளைக் கொடுத்து, நிறம் நிறமாகப் பிரிக்கச் சொல்வாளாம். "உன்னால வர்றவங்க நிம்மதியா துணி பாக்கறாங்க, சந்தோஷம். ஆனா அந்தப் பசங்க கிளம்ப மாட்டேங்குதுங்களே" என்று முதலாளி ஒரு நாள் அலுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி பயிற்சிக்குச் சேர்ந்தாள். பகலில் கடை, மாலையில் வகுப்பு. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு பாட்டில் மூடியைக்கூடத் தூக்கி எறிய முடியாது. அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அவன் பையிலிருந்த நட்டு, போல்ட்டு எல்லாவற்றையும் அண்ணி பெரியது சிறியதாகப் பிரித்துத் தட்டுகளில் வைத்துவிட்டாள். என் சாமான்ல யார் கை வச்சது என்று அவன் கத்தினான். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தட்டுகளை அவன் கலைக்கவில்லை.

டீச்சரான பின் பள்ளிப் பேச்சு வீட்டுக்கும் வந்துவிட்டது. அண்ணன் சட்டையைக் கழற்றி நாற்காலி மேல் போட்டால், "அந்தச் சட்டைக்கு அதோட இடத்துக்குப் போகணும்னு ஆசையா இருக்கு" என்பாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆசையா இருந்தா நடந்து போகட்டும்" என்பான். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் சட்டை கொக்கியில் தொங்கும்.

அவளுடைய அறையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். குழந்தைகளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு படம். இலை, குடை, கரண்டி, மீன். பை மாட்டுகிற கொக்கியிலும், செருப்பு வைக்கிற தட்டிலும், மெத்தையிலும் அதே படம். வந்ததும் செருப்பைக் கழற்றித் தன் படத்தில் வைக்க வேண்டும். பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்வார்கள். அன்றைக்கு வானம் பார்க்கிற பொறுப்பு யாருக்கோ அவர் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். "வானம் அழுக்கா இருக்கு" என்று ஒருத்தி சொல்வாள். அண்ணி திருத்த மாட்டாள். "மழை வருமா, வராதா? என்ன நினைக்கிற?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். பெரியவர்களால் தாங்க முடியாத அளவு நேரம் காத்திருப்பாள். எனக்கே வாய் துறுதுறுக்கும். கடைசியில் அந்தக் குழந்தை, "வரும், என் செருப்பு நனையும்" என்று முழு வாக்கியமாகச் சொல்லும்.

அதன்பின் அடுக்கி விளையாடும் மரக்கட்டைகள், தண்ணீர்த் தொட்டி, வண்ணம், மண். பிறகு சாப்பாடு. தட்டும் டம்ளரும் வைப்பது குழந்தைகள்தான். ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டே வருவார்கள். ஒன்று மிஞ்சினால் யார் வரவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். கூட்டல் கழித்தல் என்ற பேச்சே இல்லாமல் அது நடக்கும். சாப்பாட்டுக்குப் பின் மெத்தை, தூக்கம். எழுந்ததும் தன் போர்வையைத் தானே மடிக்க வேண்டும். அப்புறம் வெளியே ஓட்டம், உள்ளே வந்து கதை, அப்பா அம்மா.

அங்கேதான் சிக்கல். வாசலில் அப்பாவோ அம்மாவோ, "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன பண்ணே?" என்று கேட்பார்கள். குழந்தை ஒரே வார்த்தைதான் சொல்லும்: "விளையாடினேன்."

அண்ணிக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. குழந்தைகள் இல்லாத நேரத்தில் அந்த அறையில் எதையும் இடம் மாற்றக் கூடாது. ஒரு முறை சுவருக்கு வண்ணம் அடிக்க வந்தவர் புத்தக அலமாரியை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். அண்ணி விடவில்லை. சாண் அளவுதானே டீச்சர் என்றார் அவர். அவங்க உயரமே சில சாண்தானே என்றாள் அண்ணி. பின்னர் என்னிடம் விளக்கினாள். "அவங்களுக்குக் கடிகாரம் தெரியாதும்மா. செருப்பு இடம், வட்டம் போடற இடம், கட்டை இடம், சாப்பாட்டு இடம். இந்த இடம் முடிஞ்சா அந்த இடம். அந்த ரூம்தான் அவங்களுக்கு மணி காட்டுது. அதைப் போய் நாம திருப்பி வச்சிடக் கூடாது."

அந்த வருடம் எங்கள் அறையில் மூன்று பேர் எல்லோர் வாயிலும் இருந்தார்கள். எதைக் கண்டாலும் உருட்டிப் பார்க்கிற பையன், அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் சக்கரம். ஓயாமல் ஏன், ஏன் என்று கேட்கிற பெண், அவள் பெயரும் அதுவேதான், ஏன். மூன்றாவது, பொத்தான். சட்டைப் பொத்தானைத் தானே போடுவேன் என்று பிடிவாதம் பிடித்து, தினமும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய சட்டையோடு திரிகிற பெண். அவள் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். மகளைக் கூப்பிட வரும்போதெல்லாம் அந்தப் பொத்தான்களை மொத்தமாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டுத்தான் நிமிர்வார்.

அவர்தான் ஒரு நாள் ஒரு தாளோடு வந்தார். அவருடைய தங்கை மகள் வேறொரு பள்ளியில் பாதி நாள் படிக்கிறாள். தாள் முழுக்க ஒரே எழுத்து, கோட்டை விட்டு இறங்காமல், வரி வரியாக. "டீச்சர், நான் குறை சொல்ல வரல. அந்தப் பொண்ணு பாதி நாள் போயிட்டு இவ்வளவு எழுதுது. இவ முழு நாளும் இங்கதான் இருக்கா. கேட்டா விளையாடினேன்கிறா. என் தங்கச்சி என்னைப் பாக்கற பார்வையே சரியில்ல" என்றார்.

அண்ணி அவரிடம் நிறைய சொன்னாள். பொத்தான் போடுகிற விரல்தான் நாளைக்குப் பென்சிலையும் பிடிக்கப் போகிறது என்றாள். அவர் தலையாட்டினார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக அலுவலக அறைக்குப் போனார். அதே வாரத்தில் இன்னும் சில பெற்றோரும் அதே கதவைத் தட்டினார்கள்.

பள்ளியை நடத்துகிறவரை நாங்கள் மேடம் என்போம். கெட்டவர் இல்லை. அறைகள் காலியாகிவிடுமோ என்ற கவலை எப்போதும் அவர் முகத்தில் ஓடும். அண்ணியைக் கூப்பிட்டு, வரும் பருவத்திலிருந்து அந்த அறைக்கு மேஜைகள் வரும், காலையில் எழுத்து வகுப்பு நடக்கும் என்றார். கட்டைகளையும் தண்ணீர்த் தொட்டியையும் மாடிக்கு ஏற்றிவிடலாம். அண்ணிக்கு அப்படி நடத்த மனசில்லை என்றால் கைக்குழந்தைகளின் அறைக்குப் போகலாம். சம்பளம் அதேதான், வருத்தப்பட்டுக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார்.

அண்ணி அன்று அலுவலக அறையிலிருந்து வெளியே வந்தபோது முகம் வாடிப் போயிருந்தது. அத்தனை வருடமாக இழைத்து இழைத்துச் செய்த அறை அது. அந்த அறை போய்விட்டால் அவளுக்கு வேலை இருக்கும், ஆனால் அவள் வேலை இருக்காது. எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். அதை அன்று அவளிடம் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

குடித்துவிட்டுத் திரும்ப உள்ளே போனாள். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"மேடம், ஒரே ஒரு நாள் குடுங்க. அப்பா அம்மாங்களை வரச் சொல்லுங்க. காலையிலேர்ந்து உக்காந்து பாக்கட்டும். அதுக்கப்புறமும் மேஜை வேணும்னா நானே தூக்கிட்டு வந்து போடறேன்."

மேடம் கொஞ்சம் யோசித்தார். "ஒரு நாள்தான். நல்லா காட்டுங்க" என்றார்.

அந்த 'நல்லா காட்டுங்க' அண்ணியின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எது எங்கே தெரியும், யார் எங்கே உட்கார்வார்கள் என்பதே பேச்சு. பெற்றோர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், குழந்தைகள் எல்லோரும் போன பிறகு, அண்ணனையும் வரவழைத்தாள். பெற்றோருக்கான நாற்காலிகளை ஜன்னல் ஓரமாக வரிசையாகப் போட்டோம். அதற்கு இடம் வேண்டுமே, கட்டை அலமாரியைச் சுவரோடு சுவராகத் திருப்பினோம். செருப்புத் தட்டு வாசலில் அசிங்கமாகத் தெரிகிறது என்று கதவுக்குப் பின்னால் போனது. புத்தகங்கள் முன்னால் வந்தன. வண்ணப் படங்கள் பெரியவர்கள் நின்று பார்க்கிற உயரத்துக்கு ஏறின.

அண்ணன் புத்தக அலமாரியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி, "வீட்ல ஒரு நாற்காலியை நகர்த்துன்னா இடுப்பு வலிங்கிற. இங்க பம்பரமா சுத்தற" என்றான். வேலை முடிந்து நின்று பார்த்தபோது, "நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் ரூம் மாதிரி இல்லையே" என்றான்.

"அழகா இருக்குல்ல?" என்றாள் அண்ணி. வாசலில் நின்றபடியே சொன்னாள். நாற்காலிகள் இருந்த பக்கமாக ஒரு முறை நடந்துபோய், அங்கிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்தாள். அன்று அவள் குந்தவில்லை. எனக்கும் அது அப்போது உறைக்கவில்லை. எல்லோரையும்விட அவளுக்குத்தான் அந்த விதி தெரியும். அவளே அதை மறந்தாள் என்றால், அந்த அறையை எவ்வளவு ஆசையாக நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பெற்றோர் வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் முதல் நாற்காலி. மேடம் கதவோரம் நின்றார்.

குழந்தைகள் உள்ளே வந்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். செருப்புத் தட்டு இருந்த இடத்தில் வெறும் தரை. ஒருவர் பின் ஒருவராக அந்த வெறும் தரையிலேயே செருப்புகளை அடுக்கினார்கள். தன் படம் எங்கே இருந்திருக்குமோ அந்த இடத்தில். அடுக்கிவிட்டு நிமிர்ந்து, தட்டைத் தேடினார்கள். வானம் பார்க்கிற பையன் ஜன்னலை நோக்கிப் போனான். நடுவில் யாரோ ஒருவருடைய முழங்கால்கள். அவற்றின் முன்னால் போய் நின்றவன் நின்றபடியே இருந்தான். சக்கரம் கட்டை அலமாரி இருந்த மூலைக்கு ஓடினான். அங்கே நாற்காலிகள். கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. அழ ஆரம்பித்தான்.

மூன்று வயதில் அழுகை கொட்டாவி மாதிரி. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும். இரண்டு பேர் அம்மாக்களின் மடிக்கு ஓடினார்கள். ஒருத்தி பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள். 'ஏன்' பெண் மட்டும் அழவில்லை. அறையின் நடுவில் நின்று சத்தமாகக் கேட்டாள்.

"ஏன் நம்ம ரூமை எடுத்துட்டுப் போயிட்டாங்க?"

நாற்காலிகள் நெளிந்தன. ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். கண்ணாடிக் கடைக்காரர் மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அண்ணிக்காக வருத்தப்பட்டார் என்றே நினைக்கிறேன். மேடத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. கையில் அழுகிற குழந்தை ஒன்றை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். எல்லாம் போச்சு என்றுதான் எனக்குத் தோன்றியது.

அண்ணி தரையில் உட்கார்ந்தாள். அவசரமாக இல்லை. உட்கார்ந்து, செருப்பு வரிசையைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது. பெற்றோர் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல் குழந்தைகளிடம் பேசினாள். தாழ்ந்த குரல். அழுகைக்கு மேல் கத்துகிற வழக்கம் அவளுக்கு இல்லை. கேட்க வேண்டுமென்றால் அழுகைதான் இறங்கி வர வேண்டும்.

"யாரும் எடுத்துட்டுப் போகல. நான்தான் மாத்தினேன். உங்களைக் கேக்காம மாத்திட்டேன். தப்பு பண்ணிட்டேன். எது எது எங்க இருந்துச்சுன்னு எனக்குச் சொல்வீங்களா?"

சொல்லிவிட்டு, வழக்கம்போலக் காத்திருந்தாள். அத்தனை பெரியவர்கள் முன்னால் காத்திருந்தாள். நான் கையிலிருந்த குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

பொத்தான்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அலமாரி அங்க."

"அங்கன்னா எங்க?"

"ஜன்னல் பக்கத்துல." கொஞ்சம் யோசித்தாள். "ஜன்னலுக்குக் கீழ இல்ல. பக்கத்துல."

சக்கரம் அழுகையை நிறுத்திவிட்டு அங்கே போனான். நாற்காலிக் கால்களுக்கு நடுவே தரையில் ஒரு இடம் மட்டும் வெளிறி, நீள்சதுரமாக இருந்தது. அவன் அதைத் தொட்டுக் காட்டினான். 'ஏன்' பெண் குனிந்து பார்த்து, இங்க மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு என்று கேட்டாள். பெரியவர்கள் யாரும் பதில் சொல்வதற்குள், மீன் படக்காரி சொல்லிவிட்டாள்.

"அது அலமாரி தூங்கின இடம்."

அதற்குப் பிறகு அண்ணி பேசியது மிகக் குறைவு. அலமாரி கனமாக இருக்கிறதே, என்ன செய்யலாம் என்று கேட்டாள். முதல்ல காலி பண்ணணும் என்றார்கள். முன்பு அவர்களோடு சேர்ந்து மண் பெட்டியை நகர்த்தியபோது அப்படித்தான் செய்திருந்தோம். கட்டைகளை இறக்கினார்கள். யாரும் சொல்லாமலே நீளம் ஒரு கூடை, உருண்டை ஒரு கூடை, முக்கோணம் ஒரு கூடை என்று பிரிந்தது. கூடையைத் தனியாகத் தூக்க முடியாதவன் இன்னொருவனைத் தேடிப் பிடித்தான். விரிப்பு எதுவரைக்கும் வரும் என்பதில் பெரிய தகராறு. சக்கரம் தரையில் மல்லாந்து படுத்து, "நான் தூங்கினா என் கால் இங்க வரும். அப்புறம்தான் அலமாரி" என்றான். அதைக் கேட்டு இன்னும் மூன்று பேர் படுத்துக் காட்டினார்கள். தகராறு தீர்ந்தது.

அலமாரி வர வேண்டிய வழியில் கண்ணாடிக் கடைக்காரரின் நாற்காலி இருந்தது. அவர் மகளே அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நாற்காலி வழியில இருக்கு. நீங்களே எடுத்து அதோட இடத்துல வைங்க."

அவர் எழுந்தார். நாற்காலியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய் வைத்துவிட்டு வந்து, அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கம் அண்ணியும் குழந்தைகளும். அவர் தூக்கிவிட்டார்.

"இல்ல, இல்ல" என்றாள் பொத்தான். "எல்லாரும் ஒண்ணு ரெண்டு மூணு சொல்லணும். மூணுக்கு அப்புறம்தான் தூக்கணும். முன்னாடி தூக்கினா மத்தவங்க கை நசுங்கும்."

அவர் இறக்கி வைத்தார். ஜன்னல் ஓரத்திலிருந்து முதல் சிரிப்பு வந்தது. பக்கத்திலிருந்த அம்மா, "கடையிலயும் இப்படித்தான் அவசரப்படுவீங்களா?" என்றார். அவரும் சிரித்துவிட்டார். எல்லோரும் சேர்ந்து ஒன்று இரண்டு மூன்று சொன்னார்கள். குழந்தைகள் தூக்கினார்களா, தொட்டுக்கொண்டு நடந்தார்களா தெரியாது, ஆனால் அலமாரி அந்த வெளிறிய இடத்தில் அச்சாகப் போய் உட்கார்ந்தது.

அறை பழையபடி ஆனபோது நாற்காலிகளுக்கு இடமில்லை. ஒவ்வொன்றாக வெளியே போய்விட்டன. பெரியவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். சிலருக்கு உட்காரவே கஷ்டமாக இருந்தது. மேடமும் உட்கார்ந்தார், கதவோரமாகவே, கால்களை நீட்டி.

சாப்பாட்டு நேரத்தில் டம்ளர் வைக்கிற முறை பொத்தானுடையது. ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். சமையலறைக்கு வந்து என்னிடம் தாழ்ந்த குரலில், "இன்னும் வேணும், ஆன்ட்டி. அப்பாங்களுக்கும் அம்மாங்களுக்கும் வேணும். ரொம்ப வேணும்" என்றாள். எத்தனை என்று நான் கேட்டேன். அவள் திரும்பிப் போய், ஒவ்வொரு பெரியவர் முன்னாலும் ஒரு கரண்டியை வைத்தாள். பிறகு அந்தக் கரண்டிகளையெல்லாம் சேகரித்துக் கொண்டுவந்து என் கையில் கொட்டி, "இத்தனை" என்றாள். அவளுக்கு அவ்வளவு பெரிய எண் அப்போது தெரியாது. கண்ணாடிக் கடைக்காரர் அதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை முடிந்து கிளம்பும்போது அவர் அண்ணியிடம் வந்தார்.

"இதெல்லாம் எப்ப சொல்லிக் குடுத்தீங்க?"

"தினமும்" என்றாள் அண்ணி.

"எழுத்து?"

"வரும். கை தயாராயிட்டு இருக்கு. அவசரப்படுத்தினா எழுத்து வரும், ஆனா எழுதப் பிடிக்காமப் போயிடும்."

அவர் கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். "சரி. என் தங்கச்சிகிட்ட என்ன சொல்ல?" என்றார்.

"ஒரு நாள் வந்து அலமாரி தூக்கச் சொல்லுங்க."

அன்று மகளின் சட்டைப் பொத்தான்கள் தாறுமாறாக இருந்தன. அவர் குனிந்தார், கையை நீட்டினார், நிறுத்திக்கொண்டார். அப்படியே கூட்டிப் போனார். தெருமுனை வரை பார்த்தேன். இடது பக்கம் ஏறி, வலது பக்கம் இறங்கி, அந்தச் சட்டை அவள் கூடவே துள்ளிக்கொண்டு போனது.

எல்லோரும் போன பின் மேடம் அண்ணியை அழைத்தார். புகழ்ந்தெல்லாம் பேசவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, மேஜை வேண்டாம் என்றார். "ஆனா ஒண்ணு. இனிமே ஒவ்வொரு பருவத்துலயும் ஒரு நாள் பெத்தவங்க வரணும். நாற்காலி கிடையாது. எனக்கு மட்டும் ஒரு குஷன் குடுங்க." அண்ணி சரி என்றாள்.

எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். முணுமுணுத்த அந்த அம்மா பருவ முடிவில் தன் மகனை எழுத்துப் பள்ளிக்கு மாற்றிவிட்டார். அன்று வானம் பார்க்கப் போனவன்தான் அவன். அவனுடைய குடைப் படத்தை அண்ணி உடனே எடுக்கவில்லை. அடுத்த குழந்தை வந்து குடைதான் வேண்டும் என்று கேட்டபோதுதான் கொடுத்தாள்.

பெற்றோர் வந்துபோன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அண்ணன், என்ன ஆச்சு என்று வாசலிலேயே கேட்டான். அண்ணி செருப்பைக் கழற்றிக்கொண்டே, நேற்று நீ தூக்கியதையெல்லாம் குழந்தைகள் திரும்பத் தூக்கி வைத்துவிட்டார்கள் என்றாள். அவன் என்னைப் பார்த்து, "நான் நேத்தே சொன்னேன்ல, அது அவ ரூம் மாதிரி இல்லன்னு?" என்றான். அடுத்த வாரம் முழுக்கத் தன் வேலை இடத்தில் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவன் சொல்லும்போது அலமாரி இன்னும் கொஞ்சம் பெரிதாகி, குழந்தைகள் இன்னும் கொஞ்சம் சிறிதாகி இருந்ததாம்.

எனக்கும் பெருமைதான். எனக்குச் சொல்லத்தான் வராது. அத்தனை பேர் முன்னால், தப்பு பண்ணிட்டேன் என்று மூன்று வயதுக் குழந்தைகளிடம் சொல்லிவிட்டு, பதில் வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்தாளே, அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும். அன்று அவள் கையில் இருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அந்தக் குழந்தைகள் அதை வீணாக்கவில்லை.

பொத்தான் இப்போது பெரிய பள்ளியில் படிக்கிறாள். எழுதுகிறாள், கிறுக்கல்தான், ஆனால் நிறைய எழுதுகிறாள் என்று அவள் அப்பா சொன்னார். அவளுடைய தம்பி எங்கள் அறையில் இருக்கிறான். வருடத்துக்கு ஒரு முறை அறையை மாற்றிப் போட வேண்டும் என்றால், குழந்தைகள் இருக்கும்போது, அவர்களைக் கேட்டுத்தான் மாற்றுகிறோம். மேஜைகள் வரவில்லை. அண்ணிக்கு முழங்கால் வலி வந்திருக்கிறது, குரல் முன்னைவிடக் கரகரப்பு. மூன்று வயதுக் குழந்தைகளின் அறை இன்றும் அவளுடையதுதான். இந்த வருடம் அந்த அறையில் ஒரு கொக்கிகூடக் காலியாக இல்லை.